இடித்த வீடு குப்பையா, புது வீடா? கழிவுப் பொருளை வைத்தே கட்டிக் காட்டிய லாரி பேக்கரின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். பழைய இரும்பை ஏற்றிய வண்டிகள் உள்ளே போகும். கட்டுக்கட்டாகக் கம்பி ஏற்றிய வண்டிகள் வெளியே வரும். துருப்பிடித்த கட்டில், உடைந்த இயந்திரம், பழைய கேட் எல்லாம் உலையில் உருகி, வீடு கட்டும் கம்பியாகத் திரும்பி வருகின்றன.

அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திப்பட்டு - வல்லூர் பகுதியில் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் சிமெண்டிலும், ஃப்ளை ஆஷ் கல்லிலும் சேர்கிறது. ஆக, இன்று கட்டும் ஒரு வீட்டின் கம்பியிலும் சிமெண்டிலும் ஏற்கெனவே கழிவு கலந்திருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆனா, ஒரு பழைய வீட்டை இடித்தால் என்ன நடக்கிறது? கம்பியும் தேக்குக் கதவும் விலைக்குப் போகும். செங்கல், ஓடு, தரைக்கல், சுண்ணாம்புக் காரை எல்லாம் 'ரப்பிஷ்' என்ற பெயரில் காலி மனைக்கோ ஏரிக்கரைக்கோ போய்ச் சேரும். இன்னொரு பக்கம், புதுச் செங்கல்லுக்காகச் சூளைகள் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கும்.

இந்த முரணை அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்து, பதிலைக் கட்டடமாகவே கட்டிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் லாரி பேக்கர். 'சுழற்சிப் பொருளாதாரம்' என்ற சொல் நம்ம ஊருக்கு வருவதற்கு முன்பே அதன்படி வாழ்ந்தவர்.

யார் இந்த லாரி பேக்கர்?

முழுப்பெயர் லாரன்ஸ் வில்ஃப்ரெட் பேக்கர். 1917 மார்ச் 2-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்தார். எளிமையையும் போர் எதிர்ப்பையும் வலியுறுத்தும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார்.

படிப்பு முடிந்த சில ஆண்டுகளிலேயே இரண்டாம் உலகப் போர் வெடித்தது. துப்பாக்கி தூக்க மனம் இல்லாத பேக்கர், குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்தார். அறுவை சிகிச்சைக் குழுவில் மயக்க மருந்து கொடுக்கும் பணிக்குப் பயிற்சி எடுத்தார். சீனாவுக்கு அனுப்பப்பட்ட அவர், போரில் காயம்பட்டவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் சேவை செய்தார்.

உடல்நிலை கெட்டுப்போனதால் ஊர் திரும்பச் சொன்னார்கள். வழியில் பம்பாய். கப்பல் உடனே கிடைக்கவில்லை, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் காத்திருப்புதான் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது.

காந்தி கவனித்த செருப்பு

பம்பாயில் பேக்கர் தங்கியிருந்த நண்பர், காந்திக்கும் நண்பர். அப்படித்தான் காந்தியைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தது. அப்போது பேக்கர் காலில் இருந்தது சீனாவில் கையால் தைத்த செருப்பு. வீணான துணித் துண்டுகளை அடுக்கித் தைத்தது. காந்தியின் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

பேச்சு செருப்பில் இருந்து வீட்டுக்குப் போனது. ஒரு வீட்டுக்குத் தேவையான பொருட்கள், அந்த வீடு கட்டும் இடத்தில் இருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அன்று இளைஞர் பேக்கருக்கு இது முழுசாகப் பிடிபடவில்லை. கல்லூரியில் அவர் படித்தது இரும்பும் கண்ணாடியும் கான்கிரீட்டும்தான். ஆனாலும் மனதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் தன் வேலைக்கெல்லாம் அடிப்படையாக அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தச் சந்திப்பைத்தான்.

இங்கிலாந்து போன பேக்கர், 1945-ல் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார். தொழுநோயாளிகளுக்கான மிஷன் ஒன்றின் கட்டடக் கலைஞர் வேலை. நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றுவதுதான் பணி. பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், இருப்பதை வைத்தே புதிய பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பாடத்தை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

மலைவாசிகள் நடத்திய பாடம்

அந்தப் பணியின்போதுதான் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பின் அறிமுகம் கிடைத்தது. திருமணத்துக்கு எதிர்ப்பு இருந்தது. காத்திருந்து 1948-ல் மணந்தார்கள். பிறகு இமயமலைப் பகுதியில் உள்ள பித்தோராகருக்குப் போனவர்கள், மருத்துவ வசதியே இல்லாத அந்த ஊரிலேயே மருத்துவமனை நடத்தத் தங்கிவிட்டார்கள். அதுவும் ஒன்றிரண்டு வருடம் இல்லை, சுமார் 15 ஆண்டுகள்!

அங்கே பேக்கரின் படிப்பு கைகொடுக்கவில்லை. மலைக்குச் சிமெண்டும் இரும்பும் கொண்டுபோவதே பெரும்பாடு. ஆனா உள்ளூர் மக்கள் கல், மண், மரத்தை வைத்து அழகாக வீடு கட்டி வாழ்ந்தார்கள். குளிரும் தாங்கியது, மழையும் தாங்கியது. அந்த வீடு பழையதாகிப் போனால் கல்லைப் பிரித்து அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கும் அதே கதைதான். மண் மண்ணோடு கலந்துவிடும். குப்பை என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை.

காந்தி சொன்னதன் அர்த்தம் அங்கேதான் புரிந்தது. கழிவை எங்கே கொட்டுவது என்பதைக் கடைசியில் யோசிக்கக் கூடாது. வீட்டுக்கு வரைபடம் போடும்போதே யோசிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் நடந்தது என்ன?

1963-ல் பேக்கர் தம்பதி கேரளத்தின் வாகமண் மலைக்குக் குடிபெயர்ந்தார்கள். 1970 வாக்கில் திருவனந்தபுரம். நாலாஞ்சிராவில் பாறையும் சரிவுமாகக் கிடந்த, யாரும் வீடு கட்டத் தயங்கும் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நாளில் எழுப்பிய வீடு இல்லை அது. சின்னதாக ஆரம்பித்து, கிடைத்த பழைய மரம், உடைந்த ஓடு, பாட்டில் என்று சேர்த்துச் சேர்த்து வருடக்கணக்கில் வளர்ந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் 'தி ஹேம்லெட்'.

கேரளத்தில் அப்போது ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டும் ஆசை பரவிக்கொண்டிருந்தது. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்திரம், ஓடு எல்லாம் மலிவாகக் கிடைத்தன. மற்றவர்கள் கழித்ததை பேக்கர் வாங்கினார். முதலில் ஜன்னல் கையில் இருக்கும், அதன் அளவுக்கு ஏற்பச் சுவர் எழும்பும்.

அவர் பயன்படுத்திய முறைகளில் முக்கியமானவை இவை:

1. எலிப்பொறிச் சுவர்: செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. உள்பக்கம் 3 அங்குலம், வெளிப்பக்கம் 3 அங்குலம், நடுவில் 3 அங்குலம் காலி இடம். மொத்தம் அதே 9 அங்குலச் சுவர்தான். ஆனா சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம். நடுவில் உள்ள காற்று வெப்பத்தைத் தடுப்பதால் வீடும் குளுமையாக இருக்கும். இங்கிலாந்தில் பழைய காலத்தில் இருந்த முறை இது. இந்தியாவில் பரப்பியவர் பேக்கர்.

2. ஓடு பதித்த கான்கிரீட் தளம்: ஒரு கூரைத் தளத்தின் மேல்பகுதி கான்கிரீட்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அப்படின்னா கீழே இருக்கும் கான்கிரீட்டில் ஒரு பகுதி சும்மா பாரம்தானே? அந்த இடத்தில், கழித்துப் போட்ட மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்தார். கான்கிரீட் குறையும், எடை குறையும், கம்பியும் குறையும். கீழிருந்து பார்த்தால் ஓட்டின் நிறமே அலங்காரம்.

3. செங்கல் ஜாலி: ஜன்னல் வைக்க வேண்டிய இடத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குவது. காற்றும் வெளிச்சமும் வரும். மரச்சட்டம், கண்ணாடி, கிரில் எதற்கும் செலவில்லை.

4. செங்கல் தூள்: சிமெண்டைக் குறைக்க, சுண்ணாம்போடு சுர்க்கி எனப்படும் செங்கல் தூளைக் கலந்த பழைய காலத்துக் கலவையை மறுபடியும் கொண்டுவந்தார். உடைந்த செங்கல்லுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

5. பாட்டிலும் உடைந்த ஓடும்: காலியான வண்ணப் பாட்டில்களைச் சுவரில் பதித்தால் பகலில் விளக்கு தேவையில்லை. உடைந்த தரை ஓடுகள் தளத்தில் கோலம் போல அமர்ந்தன.

அவர் பல கட்டடங்களில் சுவருக்குப் பூச்சும் பெயிண்டும் கிடையாது. காசு மிச்சம் என்பது ஒரு காரணம். பூசாத செங்கல்லைப் பிற்காலத்தில் பிரித்து எடுப்பதும் சுலபம் என்பது இன்னொரு பலன். சிக்கனம் வரைபடத்திலேயே ஆரம்பித்தது. பழைய தபால் உறையின் பின்பக்கத்தில் படம் வரைவது அவர் பழக்கம்.

ஏழை வீடு என்ற கேலி... பதிலாக வந்த வளாகம்

இதெல்லாம் எளிதில் ஏற்கப்படவில்லை. பூச்சு இல்லாத சுவர் வசதி இல்லாதவர் வீட்டு அடையாளம் என்று பலர் நினைத்தார்கள். கட்டடம் நிற்குமா என்ற சந்தேகம் பொறியாளர்களிடம் இருந்தது.

திருப்புமுனை, வளர்ச்சி ஆய்வு மையம். பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தலைமையில் திருவனந்தபுரம் உள்ளூரில் தொடங்கப்பட்ட இந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தை வடிவமைக்கும் பொறுப்பு 1970-களின் தொடக்கத்தில் பேக்கரிடம் வந்தது. அப்போதைய முதல்வர் அச்சுத மேனனின் ஆதரவும் இருந்தது. மரங்களை வெட்டாமல் வளைந்து போகும் சுவர்கள், ஜாலி வழியே வீசும் காற்று, செங்கல்லிலேயே எழும்பிய நூலகக் கோபுரம். நாட்டின் பெரிய பொருளாதார அறிஞர்கள் வந்துபோகும் இடம், பூச்சு இல்லாத செங்கல்லில் நின்றது. ஏழை வீடு என்ற கேலிக்கு அதைவிடப் பெரிய பதில் தேவைப்படவில்லை.

நகரின் செங்கல்சூளா குடிசைப் பகுதி மக்களுக்கும், கடலோர மீனவர்களுக்கும் வீடுகளை வடிவமைத்தார். அறிஞர்களுக்கு ஒரு தரம், மீனவருக்கு ஒரு தரம் என்று அவர் பிரிக்கவில்லை. இரண்டு இடத்திலும் அதே செங்கல், அதே ஜாலி.

1985-ல் அச்சுத மேனன், கே.என்.ராஜ் உள்ளிட்டோருடன் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' அமைப்பு உருவானது. கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த முறையில் வீடு கட்டித் தரும் அமைப்பு இன்றும் இயங்குகிறது. இந்தியக் குடியுரிமை பெற்ற பேக்கருக்கு 1990-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சென்னைக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி

பேக்கரின் சிந்தனையைப் பார்க்கத் திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா போதும். 1996-ல் திறக்கப்பட்ட இந்தப் பாரம்பரிய மையத்தின் வடிவமைப்பைத் தொடங்கி வைத்தவர் பேக்கர். அவரிடம் பயின்ற கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் அதை முன்னெடுத்துச் சென்றார்.

இங்கே தென் மாநிலங்களின் 18 பழைய வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை சொந்த ஊரில் இடிபடும் நிலையில் இருந்தவை. தூண், உத்திரம், கதவு, ஓடு என்று பிரித்து எடுத்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, மறுபடியும் பொருத்தியிருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த வீடுகளைப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், அவை மரப் பொருத்துகளாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்டவை. சுண்ணாம்புக் காரையில் இருந்து செங்கல் முழுசாகக் கழன்று வரும். சிமெண்ட் கலவையில் கட்டிய சுவரை உடைத்தால் செங்கல்லும் சேர்ந்தே உடையும். இன்று கட்டும் பல வீடுகளை நாளைக்குப் பிரிக்கவே முடியாது, நொறுக்கத்தான் முடியும்.

ஏன் ஊரெல்லாம் பரவவில்லை?

இவ்வளவு பலன் இருந்தும் பேக்கர் பாணி எல்லா ஊருக்கும் போகவில்லை. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு.

* எலிப்பொறிச் சுவர் கட்டப் பழகிய கொத்தனார் வேண்டும். பூச்சு இல்லாத சுவரில் தப்பை மறைக்க வழி இல்லை.
* செங்கல் தரமாக இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரமும் பாசியும் பிடிக்கும்.
* ஒயரிங், குழாய் வழிகளை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பிறகு சுவரைக் குடைவது கஷ்டம்.
* பேக்கர் வேலை நடக்கும் இடத்திலேயே நின்று, மேஸ்திரியோடு பேசி மாற்றிக்கொண்டே கட்டுபவர். ஒரே நேரத்தில் 100 வீடு கட்டும் நிறுவனத்துக்கு இது ஒத்துவராது.
* பொருள் செலவு குறையும், ஆள் வேலை கூடும். கூலி ஏற ஏற, மிச்சமாகும் தொகை சுருங்கும்.
* மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் வாங்குபவருக்குச் செலவைக் குறைப்பதில் என்ன லாபம்?

சூளைச் செங்கல்லே நிறைய விறகும் நிலக்கரியும் தின்னும் பொருள் என்பது பேக்கருக்கும் தெரியும். அதனால்தான் பிற்காலத்தில் மண் வீடுகளைப் பற்றி அதிகம் பேசினார், எழுதினார்.

இன்றைய திருவள்ளூருக்கு இதில் என்ன இருக்கிறது?

சட்டம் இப்போது பேக்கர் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கட்டட இடிபாட்டுக் கழிவுகளுக்கென மத்திய அரசு 2016-ல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. கான்கிரீட், மண், இரும்பு - மரம் - பிளாஸ்டிக், செங்கல் - காரை எனக் கழிவைப் பெரிய கட்டுமானங்கள் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று அவை கூறின. 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருபவை. 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானங்களுக்கு, கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அவை சுமத்துகின்றன.

2016-ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 383 தரநிலையும் கதவைத் திறந்திருக்கிறது. பழைய கான்கிரீட்டை உடைத்துப் பதப்படுத்திய ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்-25 வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் சேர்க்கலாம்.

அதற்காகக் கிடைக்கும் கழிவை எல்லாம் சுவரில் வைத்துவிடலாமா? கூடாது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகளும் இருக்கின்றன, அபாயகரமான தொழிற்சாலைக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் தளமும் இருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை. ரசாயனம் கலந்த கழிவு, சோதிக்காத கசடு, தரம் தெரியாத சாம்பல் போன்றவை வீட்டுக்குள் வரக் கூடாதவை. பேக்கர் எடுத்தது ஓடு, செங்கல், மரம், பாட்டில் என்று, என்னவென்று தெரிந்த பொருட்களைத்தான்.

சின்ன வீடு கட்டுபவர்கள் செய்யக்கூடியது இதுதான்: பழைய வீட்டை இடிக்கும் ஒப்பந்தம் பேசும்போதே, எதையெல்லாம் முழுசாகக் கழற்ற வேண்டும் என்று எழுதி வாங்குவது. கதவு, ஜன்னல் அளவுகளை வரைபடம் போடுபவரிடம் முதலிலேயே கொடுப்பது. உடைந்த செங்கல்லைத் தரைக்கு அடியில் நிரப்பப் பயன்படுத்துவது. பாரம் தாங்கும் சுவரிலோ கூரையிலோ பழைய பொருளையோ புதிய முறையையோ பயன்படுத்துவதாக இருந்தால், பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய்வது.

2007 ஏப்ரல் 1-ம் தேதி, 90-வது வயதில், திருவனந்தபுரத்தில் பேக்கர் காலமானார். தன் பாணியை அப்படியே நகல் எடுப்பதை அவர் விரும்பியதில்லை. அந்தந்த ஊரில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்து யோசிக்க வேண்டும் என்பதுதான் அவர் வேலையின் சாரம். மலையில் அது கல்லும் மண்ணும். திருவனந்தபுரத்தில் செங்கல்லும் பழைய ஓடும். திருவள்ளூரில் இடிபடும் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் அந்தக் கேள்வி இன்று நிற்கிறது. முதல் கடப்பாரை விழுவதற்கு முன்பே அதைக் கேட்டாக வேண்டும். விழுந்த பிறகு கேட்டால், கையில் இருப்பது வெறும் ரப்பிஷ்தான்.